கணினியும் தப்பும்

பதுளையிலே மழை பிடித்துக்கொண்டால் அது எப்போது விடும் என்று சொல்லத் துணிபவர் எவருமில்லை. அத்தகையதொரு மார்கழி மாலையில், நனைந்த குடையோடும், உரப்பையில் சுற்றிய மடிக்கணினியோடும் என் பழைய மாணவன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். பசறை வீதியிலுள்ள தோட்டமொன்றிலே பிறந்து வளர்ந்தவன். ஐந்தாண்டு என்னிடம் வயலின் பயின்றவன். கணினி, வெளிநாட்டிலே வீட்டு வேலை செய்யும் அவனுடைய அக்காள் அனுப்பியது.

"சார், வயலின் எல்லாம் கிள்ளிக்கிட்டே இருக்கு. வில்லை எடுக்கவே மாட்டேங்குது!" என்றான், தலையைக்கூடத் துவட்டிக்கொள்ளாமல்.

2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி இலண்டனில் இளையராஜா தம் சிம்பனியை அரங்கேற்றினார் அல்லவா? அச்செய்தியைக் கேட்ட நாள் முதலாகவே இப்பிள்ளைக்குத் தானும் ஒன்று எழுதிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை. வாத்தியக் குழுவுக்கு எங்கே போவது? மியூஸ்ஸ்கோர் என்றொரு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஐந்து கோட்டிலே சுரங்களை எழுதினால் அதுவே வாசித்துக் காட்டும். 2022ஆம் ஆண்டு இறுதியில் வந்த அதன் நான்காம் பதிப்போடு, மெய்யான வாத்தியக்காரர்கள் வாசித்துப் பதிந்த ஒலிகளும் இலவசமாகவே சேர்ந்துகொண்டன.

ஒலியைப் பதிந்து கட்டைக்குக் கட்டை அடுக்கிவைக்கும் எண்ணம் புதியதன்று. 1963ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் 'மெலோட்ரோன்' என்ற பெட்டியிலே, ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு நாடாத் துண்டை வைத்து வயலினையும் குழலையும் ஒலிக்கச் செய்தார்கள். இன்று அது பன்மடங்கு பெருகிவிட்டது. வியன்னாவில் ஒரு நிறுவனம் இதையே தொழிலாகக் கொண்டிருக்கிறது, இலண்டனிலே பி.பி.சி. சிம்பனிக் குழுவினரை உட்காரவைத்துப் பதிந்த களஞ்சியமொன்று 2019இல் வெளிவந்தது. ஒரே வயலின் சுரத்தை நீட்டியும், குறுக்கியும், நடுங்கவைத்தும், விரலாற் கிள்ளியும், வில்லின் மரத்தால் தட்டியும், ஒவ்வொன்றையும் மெல்லவும் ஓங்கியும் வாசித்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இத்தனை வகையுள் எதை எப்போது எடுப்பது என்று கணினிக்கு எவர் சொல்வது? விலைக்கு வரும் களஞ்சியங்கள் பலவற்றில் இதற்கொரு தந்திரம் உண்டு. வயலினின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கும் கீழே, அவ்வாத்தியத்துக்கு உபயோகமற்றுக் கிடக்கும் கட்டைகளை ஆணைக்கென ஒதுக்கிவிடுவார்கள். அவற்றை அழுத்தினால் ஓசை எழாது. அடுத்து வரும் சுரங்கள் கிள்ளலாகவோ, நடுக்கமாகவோ மாறிவிடும். 'ஊமைக் கட்டைகள்' என்று என் மாணவன் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தான். எழுதும் மென்பொருளிலோ, சுரத்தின்மேல் இடும் புள்ளியும், கோட்டின்மேல் எழுதும் சொல்லுமே அந்த ஆணை.

இவனுக்கு வந்த வில்லங்கமும் அங்கேதான். 'கிள்ளு' என்பதற்குரிய இத்தாலியச் சொல்லை மென்பொருளின் உத்திப் பட்டியலிலிருந்து எடுத்து வைத்தவன், 'வில்லெடு' என்பதற்குரிய 'ஆர்க்கோ' என்ற சொல்லைச் சாதாரண எழுத்தாகத் தட்டியிருந்தான். தாளிலே இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். கணினிக்கோ ஒன்று கட்டளை. மற்றது வெறும் அலங்காரம். விளைவு, தாலாட்டுப்போல் தவழவேண்டிய இரண்டாம் பகுதி முழுவதையும் பதினாறு வயலின்கள் ஓட்டின்மேல் மழைத்துளி விழுந்தாற்போலக் கிள்ளித் தள்ளின. சொல்லை நீக்கிப் பட்டியலிலிருந்து எடுத்து வைத்தோம், சீரானது. மனித வாத்தியக்காரனாயின் பாட்டின் போக்கைக் கண்டே வில்லை எடுத்திருப்பான். முப்பது ஆண்டு கற்பித்தவன் என்ற முறையிலே, அந்நேரம் எனக்குச் சற்றுப் பெருமிதம் உண்டானதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்பெருமிதம் நெடுநேரம் நிற்கவில்லை. "அடுத்தது தப்பு சார்" என்றான் பையன்.

எங்கே தப்பு என்று நான் திரையைப் பார்க்க, "பிழை இல்ல சார், நம்ம தப்பு" என்று சிரித்தான். வயலின்களுக்கு நடுவே தப்பொலி வரவேண்டுமாம். மென்பொருளின் தோற்கருவிப் பட்டியலிலே எத்தனையோ தேசத்து முழவுகள் இருந்தன, தப்பு இல்லை. பொங்கோ என்ற கியூபா நாட்டுக் கருவியை வைத்து ஒப்பேற்றியிருந்தான்.

இவ்விடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களிலே விடியுமுன் தப்படித்தே தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்தார்கள். கோயில் திருவிழாவுக்கும், காமன் கூத்துக்கும், சாவுக்கும் தப்புத்தான். நானும் லயத்துக் காம்பிராவிலே அவ்வொலி கேட்டு விழித்தவனே. ஆயினும், "தப்பு அடிக்கிறவங்க பக்கத்திலே நிக்காதே" என்று என்னை இழுத்துச் சென்ற கைகளையும் நினைவிருக்கிறது. வளர்ந்து ஆசிரியனான பின்னராவது நான் மாறினேனா? முப்பது ஆண்டுகளில் எத்தனையோ கலைவிழாக்களை நடத்தினேன். வயலினும் மிருதங்கமும் மேடையேறின. தப்பை ஒருநாளும் ஏற்றினேனில்லை. எவரும் தடுத்ததாகச் சொல்ல இயலாது. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. பட்டியலில் தப்பு இல்லையென்று கணினியைக் குறைசொல்ல எனக்கு என்ன உரிமை?

பையனுடைய தோட்டத்திலே ஒரு முதியவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அவரிடம் போனோம். காரியத்தைச் சொன்னதும், "எதுக்கு மாஸ்டர்? எம் மகனுங்க ரெண்டு பேரும் இந்தக் குச்சியத் தொடமாட்டேன்னு கொழும்புக்குப் போயிட்டானுங்க. அதுதான் நல்லது. இது என்னோட போகட்டும்" என்றார். பையன் அவர் காலடியிலே உட்கார்ந்து கணினியைத் திறந்து பொங்கோவை ஒலிக்கவிட்டான். பெரியவர் அரை நிமிடம் கேட்டார். "இது தகரம்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தப்பை எடுத்துவந்தார்.

மிலாறு அள்ளிப்போட்டு நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சினார். வலக்கையிலே தடித்த அடிக்குச்சி. இடக்கையிலே மெல்லிய சிம்புக்குச்சி. நடுவில் அடி, ஓரத்தில் அடி, சிம்பு மட்டும், இரண்டும் சேர்ந்து, கைவிரலால் தோலை அமுக்கி ஓர் அடி என ஐந்து வகை எடுத்தோம். ஒவ்வொன்றும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி. ஒவ்வோர் அளவிலும் மும்முறை. ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலித்தால் தையல் இயந்திரம்போல் ஆகிவிடும் என்பதால் அந்த மும்முறை. ஆக 45 அடிகள். பசறைப் பக்கத்துப் பனி இதற்கெல்லாம் இடங்கொடுக்குமா? பத்து அடிக்குள் தோல் குளிர்ந்து சுருதி இறங்கும், மறுபடி நெருப்பு. கைப்பேசியிலே அத்தனையையும் பதிந்து முடிக்க ஒரு பகற்பொழுது ஆயிற்று.

பாதியிலேயே பெரியவருக்குச் சலித்துவிட்டது. "ஒத்த அடிக்கு என்னா அர்த்தம் மாஸ்டர்? ஒரு எழுத்த மட்டும் சொல்லிக்கிட்டே இருக்கச் சொல்றீங்களே" என்றார். வேண்டியதை அவர் விருப்பப்படியே அடிக்கச் சொன்னோம். "சாமி வருது" என்றான் பையன். கை ஒருவிதமாகப் போயிற்று. "காமன் கூத்து" என்றான். இடக்கைச் சிம்பு துள்ளிற்று. "பிரட்டு" என்றதும், உறங்குபவனைத் தோளிலே தட்டுவதுபோல் ஓர் அடி. எனக்கு அந்த ஊமைக் கட்டைகள் நினைவுக்கு வந்தன. ஒரே தோல், அதே இரண்டு குச்சிகள். காரியத்தின் பெயரைச் சொன்னவுடன் எல்லா அடியும் மாறிவிடுகின்றன. எங்கள் ஐந்து வகைக்குள் அடங்காத எத்தனையோ அடிகள் அவற்றினிடையே ஓடியதையும் கண்டேன்.

"சாவு?" என்று பையன் மெல்லக் கேட்டான்.

பெரியவர் குச்சியைக் கீழே வைத்தார். "அது வேணாம் தம்பி. யாரும் சாகாம அத அடிக்கக் கூடாது. பெட்டிக்குள்ள போட்டு வச்சா, நெனச்ச நேரம் தட்டுவீங்க."

பிள்ளை வற்புறுத்தவில்லை. அவன் மீது எனக்கு மதிப்பு உயர்ந்தது.

அடுத்த இரண்டு வாரம் பதிவுகளை வெட்டி ஒட்டுவதிலே கழிந்தன. மென்பொருள் ஏற்றுக்கொள்ளும் 'சவுண்ட்பொண்ட்' என்ற ஒலிக்கோப்பு வகையிலே, ஒரே அடியின் மூன்று பதிவுகள் தாமாக மாறி மாறி ஒலிக்க வழியில்லை. ஆகவே ஐந்து வகைக்கும் மும்மூன்றாக 15 கட்டைகள் ஒதுக்கி, மெல்லடியும் ஓங்கியடியும் அழுத்தத்துக்கேற்ப ஒலிக்குமாறு அமைத்து, எந்த இடத்தில் எந்தக் கட்டை என்பதைத் தானே கையால் எழுதினான். கண் சிவந்து போயிருந்தது. "வயலின் படிக்கத்தானே அனுப்பினேன், தப்புக்கா?" என்று தகப்பனார் இரண்டு நாள் பேசாதிருந்தாராம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் மறுபடியும் பெரியவர் வீட்டு வாசலிலே உட்கார்ந்து கேட்டோம். வயலின்கள் எழுந்தன, அவற்றின் கீழே தப்பு. அவருடைய கையேதான், ஆனாலும் எங்கோ கொஞ்சம் விறைப்பு. பெரியவர் தலையை ஆட்டினார்; ஆம் என்றா, இல்லை என்றா என்று தெரியவில்லை. பாட்டின் பிற்பகுதியிலே வயலின்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, எட்டு அளவுகள் தப்பு மௌனமாய் இருந்தது.

"இங்க ஏன் சும்மா இருக்கு?"

"நீங்க வேணாம்னு சொன்ன எடம் தாத்தா. அப்புடியே விட்டுட்டேன்."

பெரியவர் அப்பகுதியை இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார். அவருடைய விரல்கள் முழங்காலின்மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. அது நாங்கள் பதிந்த எந்த அடியும் அன்று.

"எப்ப இத ஊரு கேக்க வாசிக்கப் போறீங்க?" என்றார்.

"நாள் இன்னும் குறிக்கலீங்க. பதுளையிலதான்" என்றேன் நான்.

"வயலின் ஆளுங்களா, இல்ல இந்தப் பெட்டியா?"

"ஆறு பிள்ளைங்க வாசிப்பாங்க, மிச்சத்த இதுவே வாசிக்கும்" என்றான் பையன்.

"அந்த எட்டுக்கு நான் வாரேன். சாவுத் தப்பு இல்ல. எங்கப்பா அடிச்சது ஒண்ணு இருக்கு" என்று சொல்லி எழுந்தவர், வாசலிலே நின்று திரும்பி, "ராவைக்குத் திரும்பப் பசறை பஸ் இருக்குமா மாஸ்டர்?" என்று கேட்டார்.