ஐப்பசியில் லயத்துக் கொல்லை

மேனாட்டார் இலையுதிர்காலம் என்று கூறும் பருவத்திலே அவர்தம் தோட்டங்கள் உறங்கத் தொடங்குகின்றன. ஊவாவிலோ அப்போதுதான் மண் விழிக்கின்றது. ஐப்பசி பிறக்கும் நாட்களிற் பதுளைக்குச் செல்லும் வாசகர்கள், மலைச் சரிவிலுள்ள லயங்களின் பின்புறத்தைச் சற்று உற்று நோக்க வேண்டுகின்றோம். துன்ஹிந்தை அருவியைப் பாடியோர் பலர். லயத்துக் கொல்லையைப் பேசியோர் சிலரே.

கொழும்பிலிருந்து எழும் இருப்புப்பாதை 1924 ஆம் ஆண்டில் பதுளையை அடைந்து, அங்கேயே முடிந்தது. நகரம் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உளது; தென்கிழக்கே நமுனுகுலை 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலே பொழிந்துவிட்டு, வறண்ட கச்சானாக ஊவாவினுள் இறங்கும். ஆடி, ஆவணியில் அது கொழுந்தின் வளர்ச்சியைத் தடுத்து, ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் மணத்தை ஊட்டும். அதே காற்று கொல்லைக் கீரையைக் கருக்கிவிடும். துரைமாரின் நற்பருவம் கொல்லைக்காரிக்குப் பஞ்சப் பருவம் போலும்!

பசறை வீதியை அண்டிய தோட்டமொன்றில் நாம் கண்ட கொல்லை ஒரு காம்பராவின் அகலமே உடையது. 12 அடி இருக்கலாம். அதனுள் எத்தனை பயிர்! சரிவு செங்குத்தானமையால் கற்களை அடுக்கி மூன்று படிகளாக்கியிருந்தனர். ஒவ்வொரு படிக்கும் மேலே, நீர் மெல்ல வழிந்தோடச் சரிவுக்குக் குறுக்காக ஒரு கான். முள்ளினால் மண்ணைக் கிளறி, மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் இட்டுச் சில நாள் ஆறவிட்டு, முதல் மழை ஊறியபின் போஞ்சியைக் குழிக்கு இரு விதையாக ஊன்றுவர். மலையிற் கழித்த சவுக்குக் கிளைகளே கொடிக்குக் கொம்பு. கீரையும் முள்ளங்கியும் முன்னே வந்துவிடும். போஞ்சியை மார்கழியிற் பறிக்கலாம். கோவா, நோக்கோல் நாற்றுகளை அடைமழை அடித்துச் செல்லாதபடி வாழை மட்டையால் மூடியிருந்தனர். இரவிற் காட்டுப்பன்றி வரும், முள்ளம்பன்றியும் வரும். வெற்றுத் தகரங்களைக் கயிற்றிற் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். பன்றிகள் அதற்கு அஞ்சுவதாக எமக்குத் தோன்றவில்லை.

இத்துணைப் பயிரிடையே ஒரு பழமரமேனும் இல்லை. "பலாக்கன்று ஒன்று வைக்கலாகாதா, அம்மா?" என்றோம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அம்மூதாட்டி, "போஞ்சி வச்சா எங்களுக்குங்க ஐயா. மரம் வச்சா அது யாருக்குன்னு யாருங்க சொல்றது?" என்றார்.

அவ்வினாவிற்கு நீண்ட வரலாறு உண்டு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குப் பயணமாயினர். நட்ட பலாவின் சுளையைத் தின்னாமலே சென்றவர் எத்துணையரோ! எஞ்சிய நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை வழங்கியது. காணியுரிமை அதனோடு வரவில்லை.

ஐப்பசி மழைக்கு மற்றொரு முகமும் உளது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோதும் பதுளை மாவட்டம் பல மண்சரிவுகளைக் கண்டது. தரையிற் புதிதாக வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் ஆகியவை முன்னறிகுறிகள். அவற்றை முதலிற் காண்பவள் நாள்தோறும் கொல்லையிற் குனிந்து நிற்பவளே. மழை நாட்களில் இவ்வறிகுறிகள் தென்பட்டால், பயிரை மறந்து உடனே அவ்விடம் விட்டகலுதல் வேண்டும்.

லயங்களுக்கு மாற்றாக அண்மை ஆண்டுகளிற் கட்டப்பட்ட தனி வீடுகளுக்குக் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்று வகுத்துள்ளனர். ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அத்தகைய வீடொன்றின் பின்புறத்தையும் பார்த்தோம். போஞ்சிக் கொடிகளுக்கு அப்பால், முழங்கால் உயரத்தில் ஒரு பலாக்கன்று. ஆடு மேயாதபடி சுற்றிலும் முள் அடைத்திருந்தனர். காணி உறுதி மட்டும் அவ்வீட்டாரின் கைக்கு இன்னும் வந்து சேரவில்லையாம்.