கண்ணன் புறப்பாடு

தஞ்சாவூர் ஓவியத்தை வாங்குவோர் அதன் பொன்னொளியைக் காண்பார்கள். அடியில் கிடக்கும் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பிறகு நகைகளையும் மண்டபத் தூண்களையும் மக்குப் பசையால் மேடாக எழுப்பி, கற்கள் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, அதன் பின்னரே வண்ணம் தீட்டுவார்கள். முன்பு பலாப்பலகை, இன்று பெரும்பாலும் பிளைவுட். இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் செழித்த இக்கலைக்கு 2007-08இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு வந்ததனால் மட்டும் ஓவியர் வீட்டு அடுப்பு எரிந்துவிடுவதில்லை.

தஞ்சையில் எழுபது வயதைக் கடந்த ஓவியர் ஒருவர். நாற்பது ஆண்டுகளாக ஒரே தரகரிடம் படங்களைக் கொடுத்து வந்தார். அவை சென்னையில் என்ன விலைக்குப் போயின என்று கேட்டதே இல்லை. தரகர் காலமானபின் வரவும் நின்றது. வணிகவியல் பயின்ற மருமகள், "மாமா, இணையத்தில் நாமே கடை வைப்போம்" என்றாள். பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை. விலை சொல்வதில் அவருக்குக் கூச்சமில்லை. சுவாமியைப் பெட்டியில் அடைத்து, முன்பின் தெரியாதவர் கையில் தூக்கி எறிய விடுவதா என்பதே கவலை.

அவள் வாதாடவில்லை, ஆயத்தங்களைத் தொடங்கினாள். கடையின் பெயரில் நடப்புக் கணக்கு, வரி தொடர்பான பதிவுகள், முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய்க்கு உட்பட்ட கடன் ஆகியவை எளிதில் முடிந்தன. (வங்கிப் படியேறவே தயங்கும் கைவினைஞர்கள் இன்னும் பலர் இருப்பது வருந்தத்தக்கது.) படம் பிடிப்பதுதான் படாதபாடாயிற்று. செல்பேசி விளக்கு பட்டால் தங்கம் வெள்ளைத் திட்டாகிவிடும். வீட்டிலிருந்த பழைய படங்களைக் காலை வேளையில் முற்றத்துத் தூணருகே சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தபோதே மேட்டுவேலை தெளிந்து வந்தது.

விவரம் எழுதும்போது பெரியவர் குறுக்கிட்டார். பொன்னிறத் தாளை ஒட்டிவிட்டுத் தங்கம் என்று விற்போர் உண்டு. "ரேக்கு எத்தனை காரட், பலகை எது, எல்லாம் எழுதம்மா. பிளைவுட்டைப் பலா என்று மட்டும் எழுதிவிடாதே" என்றார். அவ்வாறே எழுதப்பட்டது.

கோவையிலுள்ள நாத்தனார் வீட்டுக்குச் சிறிய வெண்ணெய்த்தாழிக் கண்ணன் ஒன்றைச் சோதனையாக அனுப்பினாள். கண்ணாடி நொறுங்கி, கிரீடத்தில் இரண்டு கற்கள் உதிர்ந்த நிலையில் போய்ச் சேர்ந்தான் கண்ணன். அங்கிருந்து வந்த புகைப்படத்தைப் பெரியவர் நெடுநேரம் பார்த்திருந்தார். கடை இத்துடன் நின்றது என்றே வீட்டார் எண்ணினர். மறுநாள் அவரே தச்சரை அழைத்துவந்து மரச்சட்டப் பெட்டிக்கு அளவு சொன்னார். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக். நான்கு மூலைக்கும் தெர்மோகோல். திருமுகத்தின்மேல் மெல்லிய மஞ்சள் துணி. "உற்சவரையும் கயிறு கட்டி, முட்டுக் கொடுத்துத்தானே வாகனத்தில் ஏற்றுகிறோம்" என்றார்.

ஒரு கேள்வி மட்டும் இருவரையும் பல நாள் வருத்தியது. வாங்கியவர் பிடிக்கவில்லையென்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? ஒரு வீட்டுப் பூஜையறையில் விளக்கேற்றி வணங்கிய படத்தை மற்றொருவருக்கு விற்கப் பெரியவர் இசையவில்லை. திருப்பி எடுக்காத கடையில் யார் துணிந்து வாங்குவார் என்பது மருமகளின் அச்சம். இரண்டிலும் நியாயம் உண்டு. இறுதியில் வழி சொன்னவர் பெரியவரே. திருக்கண் எழுதுமுன் படத்தைப் புகைப்படமாக அனுப்பி, வாங்குபவரின் இசைவைப் பெறுவது. வேண்டாமெனில் அப்போதே முழுப்பணத்தையும் திருப்பித் தருவது. கண் எழுதியபின் திரும்பப் பெறுவதில்லை. வழியில் பழுதுற்றால் செலவின்றிச் செப்பனிட்டுத் தருவது.

விஜயதசமியன்று கடை திறக்கிறது. கண் எழுதப்படாத நான்கு திருவுருவங்கள் கூடத்துச் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. கண்ணுக்கென்றே தனியாக வைத்திருக்கும் மெல்லிய தூரிகையைப் பெரியவர் கழுவி, நிழலில் உலர வைத்திருக்கிறார்.