உங்க வீட்டு சிசிடிவில இப்போ மணி என்ன?

2016 பிப்ரவரி 6. நாட்றம்பள்ளி பக்கத்துல இருக்கிற பாரதிதாசன் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பயங்கர சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் ஒரு குழி, கல்லூரி பஸ் டிரைவர் ஒருத்தர் இறந்துபோனார். விழுந்தது விண்கல் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்து, அவர் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் நிதியும் கொடுத்தார். விண்கல் விழுந்து ஒருத்தர் உயிரிழந்தார் என்று உலகம் முழுக்க செய்தி பரவியது.

சில நாளிலேயே நாசா விஞ்ஞானிகள், படங்களைப் பார்த்தால் இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரியுது என்றார்கள். சின்ன விண்கல் காற்றில் வேகம் குறைந்து, கை தவறி மாடியிலிருந்து விழுந்த கல் மாதிரிதான் கடைசியில் வந்து விழும். வெடிக்காது, தீப்பிடிக்காது. நான் படித்த செய்திகளில் குழியையும் கல்லையும் வைத்துத்தான் வாதம் நடந்தது. வானத்தில் என்ன நடந்தது என்று காட்ட ஒரு வீடியோவும் கண்ணில் படவில்லை.

ஆனா இந்தக் கேள்விக்கு ஒரு சாதாரண சிசிடிவி பதில் சொல்லும். எப்படின்னு பார்ப்போம்.

2013 பிப்ரவரி 15, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க். வானத்தில் சூரியனை விடப் பளிச்சென்று ஒரு வெளிச்சம். என்னடா இதுன்னு எல்லாரும் ஜன்னல் பக்கம் போய் நின்றார்கள். ரெண்டு நிமிஷத்துக்கும் மேல கழித்துத்தான் சத்தம் வந்தது. கண்ணாடி உடைந்து 1,000 பேருக்கு மேல் காயம். வெளிச்சம் உடனே வந்துடும், சத்தம் நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். வெடித்தது 30 கிலோமீட்டர் உயரத்தில் என்றால், நேர் கீழே நிற்கிறவருக்கே சத்தம் வந்து சேர ஒன்றரை நிமிஷம் ஆகும். அதனால் கேமராவில் முதலில் வெளிச்சம், ரொம்ப நேரம் கழித்து அதிர்வு என்றால் வானத்து விஷயம். ரெண்டும் சேர்ந்தே வந்தால் பக்கத்திலேயே தரையில் நடந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு உண்மையைச் சொல்ல இந்த ஒரு கணக்கே பெரிய உதவியா இருந்திருக்கும்.

கல் எங்கே விழுந்தது என்பதையும் கேமரா சொல்லும். 2010 பிப்ரவரி 28 இரவு, ஸ்லோவாகியாவின் கோஷிட்சே பக்கம் ஒரு பெரிய தீப்பந்து விழுந்தது. மேகமூட்டத்தால் விண்கல்லுக்கென்றே வைத்திருந்த கேமராக்கள் உதவவில்லை. பக்கத்து நாடான ஹங்கேரியில் சில கண்காணிப்புக் கேமராக்களில் மட்டும் பதிவாகியிருந்தது. அதை வைத்து செக் விஞ்ஞானி யிர்ஷி பொரோவிச்கா பாதையைக் கணக்கிட, அவர் சொன்ன இடத்தில் கற்கள் கிடைத்தன.

கணக்கு நம்ம சர்வேயிங் லேப் கணக்குதான். கேமரா இருக்கிற அதே இடத்தில் வேறொரு இரவு நட்சத்திரங்களோடு படம் எடுத்தால், ஃபிரேமில் தெரிகிற கூரை முனை, போஸ்ட் கம்பம் எந்தத் திசை, எத்தனை டிகிரி என்று தெரிந்துவிடும். ஒரு கேமரா ஒரு தளத்தைத் தரும். தூரத்து ஊரில் இன்னொரு கேமரா இன்னொரு தளம். ரெண்டும் வெட்டிக்கிற கோடுதான் பாதை. வெளிச்சம் அணைந்த பிறகு கல் காற்றில் எவ்வளவு தள்ளிப்போகும் என்பதையும் சேர்த்தால் தேட வேண்டிய இடம் கிடைக்கும். வானமே தெரியாத கேமராவும் வீணில்லை. செல்யாபின்ஸ்க் சதுக்கத்தில் விளக்குக் கம்பங்களின் நிழல் நகர்ந்ததை வைத்தே கொலம்பியா விஞ்ஞானிகள் ரெண்டு பேர் பாதையைக் கணித்தார்கள்.

எங்க சிலமலை, போடி பக்கம் கேமராவுக்குப் பஞ்சமே இல்ல. ஏலக்காய் விலைக்கு குடோனுக்கு குடோன் மாட்டியிருக்காங்க. மேற்கே மலை மறைக்கும், அதனால அடிவானத்தை ஒட்டிப் போறது எங்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் பூப்பாறையிலயோ மூணாறிலயோ இருக்கிற ஒரு கேமரா அதைப் பார்த்திருக்கும். ஆனா நிறைய டி.வி.ஆர்-ல டைம் கன்னாபின்னான்னு இருக்கும். ரெண்டு கேமராவும் பார்த்தது ஒண்ணையேதானான்னு அப்புறம் எப்படிச் சொல்றது?

அதனால லீவுக்கு ஊருக்குப் போறப்போ மூணு வேலை. செட்டிங்ஸ்ல என்.டி.பி ஆன் பண்ணி டைமை இந்திய நேரத்துக்கு வைங்க. ஏதாவது பதிவானா மானிட்டரை போன்ல வீடியோ எடுக்காம, ஒரிஜினல் ஃபைலையே பென் டிரைவ்ல எடுங்க. ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சா பழசு அழிஞ்சிடும். யாராவது ஆராய்ந்து முடிக்கிற வரை கேமராவைத் திருப்பாதீங்க. கல் கிடைச்சா இருந்த இடத்தோட போட்டோ எடுத்து, சுத்தமான கவர்ல போட்டு, ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவுக்குத் தகவல் சொல்லுங்க. காந்தம் வச்சுப் பார்க்காதீங்க, கல்லுக்குள்ள இருக்கிற பழைய காந்தப் பதிவு அழிஞ்சுபோகும்.

முக்கியமா, ராத்திரி திடீர்னு வானம் பகல் மாதிரி ஆனா ஜன்னல் பக்கம் ஓடாதீங்க. கண்ணாடியை விட்டுத் தள்ளி நில்லுங்க. பார்க்கிற வேலையைக் கேமரா பார்த்துக்கும்.