மார்சிலிங்கில் இறங்கியவர்

குடியை விட வேண்டும் என்று நான் முடிவெடுத்ததற்கும் விட்டதற்கும் நடுவே பதினொரு மாதம் இருக்கிறது. அந்தப் பதினொரு மாதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில், மார்சிலிங்கில் ஏழாம் மாடி வீடு எங்களுடையது. வேலை முடிந்து வந்து குளித்ததும் கூடத்தில் குடிக்க உட்கார்ந்துவிடுவேன். 2015 ஏப்ரலில், இரவு 10.30 மணிக்கு மேல் கடைகளில் மது விற்கக் கூடாது என்ற சட்டம் வந்தபோது இனிக் குறைந்துவிடும் என்று என் மனைவி நம்பினாள். நான் பத்தேகாலுக்குக் கைலியோடு கீழே இறங்கி, இரண்டு கேன் கூடுதலாக வாங்கிவந்து வைத்துக்கொண்டேன்.

பிறகு காலையில் தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கத் தொடங்கியது. பார்த்த மருத்துவர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: "திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம்." புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே மாத்திரையோடு ஆலோசனையும் கொடுத்தார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகச் சொன்னார்கள். எந்தக் கிழமை, எந்த இடம் என்று பட்டியலும் கிடைத்தது.

தப்பு அங்கேதான் செய்தேன். பட்டியலில் வீட்டுக்கு ரொம்ப எட்டத்தில் இருப்பது எது என்று தேடினேன். நம் ஆட்கள் நிறைய நடமாடும் தேக்கா பக்கம் நினைத்தும் பார்க்கவில்லை. நாலடி நடந்தால் "என்ன அண்ணே, இந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்பார்கள். கடைசியில் தீவின் கிழக்கே, ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறையில் நடக்கும் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். சிட்டி ஹாலில் ரயில் மாறி, வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்.

அங்கே கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். என் முறை வந்தபோது பெயரை மட்டும் சொன்னேன். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. திரும்பும்போது நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியிருந்தது.

ஆனால் ஒன்றேகால் மணி நேரம் என்பது ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு கொடுத்தது. மழை. ஓவர்டைம். அலுப்பு. பதினொரு மாதத்தில் நான் போனது நாலே தடவை. மற்ற வாரங்களில் கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வேறு பேட்டைக் காப்பிக்கடையில் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன். மகள் அப்போது உயர்நிலை நான்கு. தினமும் உட்லண்ட்ஸ் நூலகத்தில் படித்துவிட்டு நேரம் கழித்து வருவாள். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று கண்டவரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

நாலாவது தடவை, அறையில் அறுபது வயது மதிக்கத்தக்க தமிழர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. முடிந்ததும் அவரைத் தவிர்க்க வேகமாக நடந்து, ரயிலில் வேறு பெட்டியில் ஏறினேன். சிட்டி ஹாலில் அவரும் மாறினார். ஒவ்வொரு நிலையத்திலும் அவர் இறங்கிவிட மாட்டாரா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். மார்சிலிங்கில் இருவரும் இறங்கினோம்.

"எந்த புளோக் தம்பி?"

சொன்னேன். அவருடையது அடுத்த புளோக். அவரும் தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் போயிருக்கிறார். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ராத்திரியில உங்க புளோக் கீழ்த்தளத்துல, கல் மேசையில உட்கார்ந்து படிக்கிற பிள்ளை... உங்க மகளா? எங்க வீட்டம்மா சில நாள் மைலோ கொண்டுபோய்க் கொடுப்பா. ஏழாம் மாடியில விளக்கு அணைஞ்சாத்தான் அந்தப் பிள்ளை எந்திரிச்சுப் போகும்."

நூலகம் ஒன்பது மணிக்கு மூடிவிடும். அது எனக்குத் தெரியும். மகள் பதினொன்றரைக்கு வருவதும் தெரியும். இடையில் இருக்கும் இரண்டரை மணி நேரத்தை நான் ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை.

புளோக்கை நெருங்கினோம். அவள் அங்கேதான் இருந்தாள். திறந்த புத்தகம், பக்கத்தில் நசுங்கிய மைலோ பொட்டலம், காலடியில் பள்ளிப் பை. செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் முதலில் என் நடையைப் பார்த்தாள். கால் நேராக விழுகிறதா என்று பார்த்தாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் தீவின் அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். என் மகள் புளோக்கில் போவோர் வருவோரெல்லாம் பார்க்க, குழல்விளக்கின் கீழே உட்கார்ந்திருந்தாள்.

எதிரே கல் முக்காலியில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "மேலே போகலாமா அப்பா?" என்று அவள்தான் கேட்டாள்.

அடுத்த வாரம் அந்த அண்ணன் ஆறு மணிக்கே எங்கள் மின்தூக்கியின் கீழே வந்து நின்றார். அதன்பின் சேர்ந்தே போனோம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிக்கும் ஆசை மீண்டும் வந்த பில் வில்சன், தன்னைப் போலவே குடியோடு போராடிய டாக்டர் பாப் ஸ்மித்தைத் தேடிப்போய்ப் பேசியதில்தான் இந்தக் கூட்டங்கள் தொடங்கின என்பதை ரயிலில் அவர்தான் சொன்னார். மழை பெய்த நாட்களிலும் அவர் கீழே நின்றதால் நான் இறங்கினேன். நான் இறங்குவேன் என்பதால்தான் அவரும் வந்தாராம். பின்னால் ஒரு நாள் சொன்னார்.

ஆறு வருடம் ஆகிறது. மகள் வேலைக்குப் போகிறாள், என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள், சிரித்துப் பேசுகிறாள். ஆனால் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் பார்வை இப்போதும் ஒரு நொடி என் கால்களில் நின்றுவிட்டுத்தான் முகத்துக்கு வருகிறது.