அரசியல் வேண்டாம் என்று நான் சொன்ன இரவு

யூரோவிசன் பாட்டுப் போட்டியில் நான் இதுவரை போட்ட வாக்குகளில் ஒன்றுகூடப் பாட்டுக்காகப் போட்டதில்லை. அப்படிப்பட்ட நான்தான் 2024 மே 11ஆம் திகதி இரவு, என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணிடம், "இது வெறும் பாட்டுப் போட்டி. இதுக்குள்ள அரசியலைக் கொண்டுவர வேண்டாம்" என்று சொன்னேன். அவருடைய பெற்றோரும் தம்பிமாரும் அப்போது காஸாவில் இருந்தார்கள். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

நான் இருப்பது நோர்வேயில். இங்கே இந்தப் போட்டியைக் 'கிராண்ட் பிரி' என்றுதான் பலரும் சொல்வார்கள். மே மாதத்துச் சனிக்கிழமை இரவு ஊரே ரி.வி.க்கு முன்னால் இருக்கும். 1956இல் சுவிற்சர்லாந்தின் லுகானோவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நடத்துகிறது. நாட்டுக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. இறுதிப் புள்ளிகளில் ஏறக்குறையப் பாதியை நடுவர்கள் தருகிறார்கள், மீதியை வீட்டிலிருந்து வாக்களிக்கும் சனம் தருகிறது. சொந்த நாட்டுக்கு வாக்குப் போட முடியாது. இது அரசியல் சாராத நிகழ்ச்சி என்று விதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த விதியை நான் ஒருநாளும் நம்பியதில்லை. நம்பவிடாமல் செய்தது 2009.

அந்த ஆண்டின் இறுதிப் போட்டி மே 16, சனிக்கிழமை, மொஸ்கோவில் நடந்தது. 'வீ டோன்ட் வோனா புட் இன்' என்ற பாட்டின் வரிகளை மாற்றச் சொன்னதால் ஜோர்ஜியா விலகியிருந்தது. புட்டினின் பெயர் அந்தத் தலைப்பில் ஒளிந்திருந்தது எல்லாருக்கும் விளங்கியது. அன்று பகல் மொஸ்கோ தெருவில் ஊர்வலம் போக வந்த தன்பாலின உரிமைக்காரர்களைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. இரவு நோர்வே வென்றது. வயலினோடு வந்த அலெக்ஸாண்டர் ரிபாக் 387 புள்ளி எடுத்தார். அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அடுத்த நாள் மே 17, நோர்வேயின் தேசிய நாள். அதற்கு அடுத்த நாள், மே 18, எது என்று தமிழர் எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

அந்த இரவு எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இலங்கையில் போரின் கடைசி நாட்கள் அவை; முள்ளிவாய்க்காலில் இருந்த எங்கள் ஆட்களின் தொடர்பு ஏற்கெனவே அறுந்துவிட்டிருந்தது. சற்லைற் தொலைபேசி வைத்திருந்தவருக்கு அடித்தால் மணியே போகவில்லை. அதற்கு முன்னைய வாரங்களில் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியிருந்தோம். எங்கள் நாட்டில் சமாதானத் தூதராக இருந்த நோர்வே எப்படியும் தலையிடும் என்று பலரும் கடைசிவரை நம்பியிருந்தார்கள். போட்டி முடிவு வந்ததும் கூடத்தில் எல்லாரும் துள்ளினார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, ஏன் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறாய், நாங்கள் வென்றுவிட்டோம் என்றார். நான் சலவை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். துணி உலர்த்தும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருந்ததால் அழ முடிந்தது.

ஒருவராவது வந்து உனக்கு என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அந்தக் கோபத்தை நான் வருடக்கணக்காக வைத்திருந்தேன். என் ஆட்கள் செத்துக்கொண்டிருக்க இவர்கள் பாடி ஆடினார்களே என்று சந்தர்ப்பம் கிடைத்தபோதெல்லாம் சொல்லியிருக்கிறேன், கூட்டங்களில் பேசியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன்.

2016இல் உக்ரேனின் ஜமாலா '1944' என்ற பாட்டோடு வந்தார். 1944 மே 18ஆம் திகதி ஸ்டாலினின் ஆட்கள் கிரிமியத் தாத்தாரை வீடு வீடாகத் தட்டி எழுப்பிச் சரக்கு ரயில்களில் ஏற்றினார்கள். ஏறத்தாழ 1,90,000 பேர் மத்திய ஆசியாவுக்கும் இன்னும் தூரத்துக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். ஜமாலாவின் கொள்ளுப்பாட்டியும் பிள்ளைகளோடு ஏற்றப்பட்டவர். வழியில் மகளைப் பறிகொடுத்தார். பாட்டின் பல்லவி கிரிமியத் தாத்தாரின் நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது. இது அரசியல் என்று ரஷ்யத் தரப்பு எதிர்த்தது, ஒலிபரப்பு ஒன்றியம் இது வரலாறு என்று அனுமதித்தது. நடுவர்களிடம் ஆஸ்திரேலியா முதலாவது, சனத்திடம் ரஷ்யா முதலாவது. இரண்டையும் கூட்டியபோது 534 புள்ளியோடு ஜமாலா வென்றார்.

மே 18 என்ற திகதியைப் பத்திரிகையில் கண்டதுமே நான் முடிவெடுத்துவிட்டேன். அந்த இரவு ஜமாலாவுக்குப் போட்ட வாக்குகள் எல்லாம் முள்ளிவாய்க்காலுக்குப் போட்டவை. தாத்தார் யார், திரும்பி வர அவர்கள் எத்தனை காலம் காத்திருந்தார்கள், 2014இல் ரஷ்யா பிடித்த பிறகு கிரிமியாவில் அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. என்னுடைய துயரத்துக்கு அவர்களுடைய மேடையை எடுத்துக்கொண்டேன்.

2022இல் இன்னும் மோசம். பெப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. ரஷ்யா போட்டியிடலாம் என்று சொன்ன ஒன்றியம், பல நாட்டு ஒலிபரப்பாளர்கள் எதிர்த்து எழுந்ததும் அடுத்த நாளே அதை வெளியேற்றியது. கைதட்டினேன். இறுதிப் போட்டியில் உக்ரேனின் கலுஷ் ஓர்கெஸ்ட்ரா 'ஸ்டெஃபானியா' பாடியது. பாடகர் தன் தாய்க்கு எழுதிய பாட்டு, போருக்கு முன்பே எழுதியது. பாடி முடித்ததும் மரியுபோலைக் காப்பாற்றுங்கள் என்று மேடையில் நின்றே கேட்டார்கள். அது மனிதாபிமான வேண்டுகோள் என்று ஒன்றியம் விட்டுவிட்டது. சனம் கொடுத்த புள்ளி 439, யூரோவிசன் வரலாற்றிலேயே அதிகம். அதில் என் வாக்குகளும் உண்டு. "பாட்டை முழுக்கக் கேக்கவே இல்லை, அதுக்குள்ள எல்லாத்தையும் போட்டிட்டீங்களே அப்பா" என்று மகள் சொன்னாள். கேட்கத் தேவையில்லை, இது நியாயத்துக்குப் போடும் வாக்கு என்று அவளுக்கு வகுப்பே எடுத்தேன்.

பாட்டுக்காக வாக்குப் போட்டு மாட்டிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும், செய்தியில் படித்துத்தான். அசர்பைஜான்காரர். 2009 போட்டியில் ஆர்மீனியாவின் பாட்டுக்கு வாக்களித்தார் என்பதற்காக அவரைத் தேசிய பாதுகாப்பு அமைச்சுக்கு அழைத்து விசாரித்தார்கள். இரண்டும் கராபாக்குக்காகப் போரிட்ட நாடுகள். தன் நாட்டுப் பாட்டைவிட அந்தப் பாட்டில்தான் அசர்பைஜான் வாசனை அதிகம் இருந்தது, அதனால் போட்டேன் என்றார் அவர். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். என் வாக்குக்காக என் கதவை எவரும் தட்டியதில்லை.

இனி 2024. போட்டி சுவீடனின் மால்மோவில். இஸ்ரேல் பங்கெடுப்பதை எதிர்த்து அந்த நகரத்துத் தெருக்களில் ஆயிரக்கணக்கில் சனம் நின்றது. இறுதிப் போட்டியன்று, நோர்வேயின் புள்ளிகளை அறிவிக்க வேண்டியிருந்த அலெஸாண்ட்ரா மெலே, தன்னால் முடியாது என்று விலகினார். அதற்கு முந்தைய ஆண்டு நோர்வேக்காகப் பாடி ஐந்தாவதாக வந்த பிள்ளை. வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் அந்தச் செய்தியைப் படித்தேன். ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல இடமில்லை.

முதியோர் இல்லத்தில் இப்போது மாலை வேலைக்கு நான்தான் பொறுப்பாள். கூடத்தில் வயதானவர்களுக்குப் புள்ளி போட்டு விளையாடத் தாள் அச்சடித்து வைத்திருந்தோம், பென்சில் கூர் தீட்டி வைத்திருந்தோம், கேக் வெட்டியாயிற்று. முதலில் சொன்ன அந்தப் பெண் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. இஸ்ரேலைத் தடை செய்ய வேண்டும் என்றும் என்னிடம் வாதாடவில்லை. இன்று அந்தக் கூடத்தில் தன்னால் நிற்க முடியாது, உணவு கொடுத்து முடிந்ததும் ரி.வி.யைச் சின்ன அறைக்கு மாற்ற முடியுமா, விரும்புகிறவர்கள் அங்கே பார்க்கட்டும் என்றார். பத்து நிமிட வேலை. சக்கரம் வைத்த மேசையில்தான் அந்த ரி.வி. இருந்தது.

அப்போதுதான் அரசியல் வேண்டாம் என்ற அந்த வார்த்தையைச் சொன்னேன். சொன்னதோடு விடாமல், எங்கள் நாட்டிலும் போர் நடந்தது, நாங்கள் வேலையிடத்துக்கு அதைக் கொண்டுவரவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். சலவை அறையை மறைத்துச் சொன்ன பொய் அது. அவர் என்னை ஒருமுறை நேராகப் பார்த்தார். பிறகு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு மற்றப் பகுதிக்குப் போய்விட்டார். அன்றிரவு முழுக்க அங்கேயே நின்றார்.

இஸ்ரேலின் ஏடன் கோலன் பாட வந்தபோது ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன். கேட்கவில்லையே என்றார் ஒரு பாட்டி. கூட்டினேன். அந்தப் பாடகிக்கு அப்போது 20 வயது. அரங்கத்தில் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டதை நான் சரியென்று சொல்லமாட்டேன். ஆனால் தாழ்வாரத்தில் என்னிடம் கேட்கப்பட்டது அந்தக் கேள்வியே இல்லை.

ஏன் செய்தேன் என்று பிறகு பலமுறை யோசித்தேன். பயம் ஒரு காரணம். வெளிநாட்டுக்காரன் பொறுப்பில் இருந்து அரசியல் செய்கிறான் என்று யாராவது மேலிடத்தில் முறையிட்டால் என்ன செய்வது என்ற பயம். இதை வீட்டில் சொன்னபோது மனைவி ஒத்துக்கொண்டாள், ஆறுதலும் சொன்னாள். ஆனால் அவளிடம் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது.

எனக்குப் பொறாமை. அவருடைய ஆட்களுக்காக மால்மோவில் அவ்வளவு சனம் நின்றதே என்ற பொறாமை. புகழோடு இருந்த ஒரு பாடகி புள்ளி அறிவிக்கும் வாய்ப்பை விட்டெறிந்தாரே என்ற பொறாமை. 2019இல் டெல் அவிவில் ஐஸ்லாந்தின் ஹதாரி குழு கமராவுக்கு முன்னால் பலஸ்தீனக் கொடி போட்ட துணியைத் தூக்கிக் காட்டியது. அதற்காக அவர்களுடைய ஒலிபரப்பாளர் 5,000 யூரோ தண்டம் கட்டினார். எங்களுக்காக ஒரு யூரோ யாராவது கட்டினார்களா என்று அப்போதே என் மனம் கேட்டது. பிணங்களை எண்ணி முடிக்காத ஒருவரின் முன்னால் நின்றுகொண்டு, உனக்காவது உலகம் அழுகிறது என்று உள்ளுக்குள் கணக்குப் பார்த்தேன். வாய்க்கு வந்தது விதிப்புத்தக வார்த்தை. அதைத் தள்ளியது இந்தக் கணக்கு.

அது அந்த இரவோடு போகவும் இல்லை. 2025இல் பாசலில் இஸ்ரேலுக்காகப் பாடிய யுவால் ரஃபாயேல், 2023 ஒக்டோபர் 7 அன்று நோவா இசை விழாவில் பதுங்குமிடத்துக்குள் பிணங்களுக்கு அடியில் மணிக்கணக்காகக் கிடந்து உயிர் தப்பியவர். சனத்தின் வாக்கில் அவர்தான் முதலாவது, மொத்தத்தில் இரண்டாவது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் என் மனம் அதே கணக்கைத்தான் பார்த்தது. யாருக்கு எவ்வளவு நடந்தது, எங்களுக்கு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு இரக்கம் கிடைத்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் ஜெனிவாவில் ஒன்றியம் கூடி, இஸ்ரேல் பங்கெடுப்பது பற்றி வாக்கெடுப்பு வைப்பதில்லை என்று தீர்மானித்தது. ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா உடனே விலகின. சில நாளில் ஐஸ்லாந்தும் விலகியது. மால்மோவில் வென்ற சுவிஸ் பாடகர் நீமோ தன் கிண்ணத்தையே திருப்பிக் கொடுத்தார். தேநீர் அறையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. உன் கருத்து என்ன என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தப் பெண் மேசையின் மறுமுனையில் இருந்தார். சிக்கலான விசயம், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கோப்பையைக் கழுவ எழுந்துவிட்டேன். 2022இல் இரண்டு பக்கம் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

அவர் என்னோடு இன்றும் வேலை செய்கிறார். வேலை விசயம் எல்லாம் பேசுவார், முகம் கொடுத்துத்தான் பேசுவார். காஸாவில் அவருடைய வீட்டார் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா என்று நான் கேட்டதில்லை. 2009இல் என்னைக் கேட்கவில்லை என்று நான் இத்தனை காலம் குற்றம் சொன்ன அதே கேள்வி. இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன், அவருக்குத் தமிழ் தெரியாது. நோர்வேஜிய மொழியில், தாழ்வாரத்தில் வைத்து, அவரிடம் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை.