கிளிங்கானுக்கு எதுக்கு நம்ம 'ட'?

ஸ்டார் ட்ரெக் பார்த்தவர்களுக்குக் கிளிங்கான்களைத் தெரிந்திருக்கும். மேடு பள்ளமான நெற்றியோடு, எப்போதும் சண்டைக்குத் தயாராக நிற்கும் வேற்றுக்கிரகவாசிகள். 1979-ல் வந்த முதல் படத்தில் அவர்கள் பேசியது சில வரிகள்தான். 1984-ல் வந்த மூன்றாவது படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் உட்கார்ந்து முழு மொழியே செய்துவிட்டார். அடுத்த வருஷம் அகராதியும் வந்தது.

மனுஷ பாஷை மாதிரி இருக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். சரி, அப்படி என்னதான் செய்திருக்கிறார் என்று பார்த்தால்... நாக்கை மடித்துச் சொல்லும் 'ட'வைப் போட்டிருக்கிறார்! நம் 'வண்டி'யில் வருகிற அதே ட. அப்புறம், சொல்லின் முதலில் 'ங' வரும். இங்கிலீஷ்காரர்களுக்கு நாக்கு சுளுக்கலாம். நமக்கென்ன? ராஜேந்திரகுமார் கதைகளில் எத்தனை பேர் 'ஙே' என்று விழித்திருக்கிறார்கள்!

விகுதி மேல் விகுதியாக ஒட்டிக்கொண்டே போவதும் நமக்குப் பழக்கம்தான். 'அவன் மாணவன்' என்று நாம் முடித்துவிடுகிற மாதிரி அங்கேயும் ஆங்கில 'பி'க்கு வினைச்சொல் கிடையாது. 1991-ல் வந்த ஆறாவது படத்தில் ஹாம்லெட்டின் அந்தப் பிரபல வசனத்தைக் கிளிங்கானில் பேச வேண்டி வந்தபோதுதான் மாட்டிக்கொண்டார்கள். 'தொடர்ந்து' என்று பொருள்தரும் ஒரு விகுதியைப் பிய்த்தெடுத்து, வினைச்சொல்லாக்கி ஒப்பேற்றினார்கள்.

நம்மைக் காப்பியடித்தார் என்று சொல்ல வரவில்லை (உடனே கிளம்பிவிடாதீர்கள்!). 'குழந்தை பார்க்கிறார் அதிகாரி' என்றால் அங்கே பார்ப்பவர் அதிகாரி. நமக்காவது 'ஐ' உருபு இருக்கிறது, அங்கே அதுவும் இல்லை. ஆனால் இந்தத் தலைகீழ் வரிசையும் பிரேசிலின் ஹிஷ்கரியானா மொழிக்காரர்களுக்கு அன்றாடப் பேச்சு. காதில் கரகரக்கும் அந்த 'ட்ல்' ஒலிக்கு நெருங்கிய சொந்தம் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் இருக்கிறது.

அதாவது, ஹாலிவுட் காதுக்கு எதெல்லாம் வேற்றுக்கிரகமோ அதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டில் குழம்பு ஊற்றச் சொல்லிக் கேட்கிற பாஷை. எனக்கு இதில் கொஞ்சம் கோபம்கூட வந்தது. வில்லனுக்குத்தானா எங்கள் ட?

ஆனால் ஓக்ராண்ட் மேல் கோபப்பட முடியவில்லை. கிளிங்கானுக்கு முன்பு, 1977-ல், அவர் முனைவர் பட்டத்துக்கு எழுதியது முட்சுன் மொழியின் இலக்கணம். கலிபோர்னியாப் பழங்குடியினரின் மொழி அது. அதைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி 1930-ல் இறந்துவிட்டார். பழைய குறிப்பேடுகளைப் புரட்டித்தான் ஓக்ராண்ட் அந்த இலக்கணத்தை எழுதினார்.

அந்த இனத்தார் இப்போது தங்கள் மொழியை மறுபடி கற்றுக்கொண்டிருக்கிறார்கள். முட்சுன் அகராதி 2016-ல் வெளிவந்தது. கிளிங்கான் அகராதி வந்து 31 வருஷம் கழித்து.