கழுகுகள் வந்த வழி

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்பவர்கள் இந்நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, நடுவில் எங்கும் நில்லாமல் பல்லவர் சிற்பங்களின் முன்னே போய் இறங்குகிறார்கள். சௌகரியமான பிரயாணந்தான். ஆயினும் செங்கற்பட்டில் ரயிலைவிட்டு இறங்கிக் கிழக்கே திரும்பும் பழைய வழி ஒன்று உண்டு. அவ்வழியில் சரித்திரம் ஊருக்கு ஊர் நம்மை நிறுத்திப் பேசும்.

திருத்தணி, அரக்கோணம், காஞ்சீபுரம், செங்கற்பட்டு என்று வந்து சதுரங்கப்பட்டினத்தில் கடலைத் தொடும் 58ஆம் எண் மாநில நெடுஞ்சாலையின் கடைசிப் பகுதியே இது. ஒரு பக்கம் தறிகள் நிறைந்த காஞ்சி. மறுபக்கம் ஒல்லாந்தர் துணி வாங்கிக் கப்பலேற்றிய துறை. இவ்வழியின் பெருமை விளங்க வேறென்ன வேண்டும்?

செங்கற்பட்டுக் கோட்டை விஜயநகரத்தார் காலத்தது. 1752இல் கிளைவ் அதைப் பிடித்தான். பின்னர் வந்த ரயில் பாதை கோட்டையையே ஊடறுத்துச் சென்றது. கொளவாய் ஏரியைப் பார்த்தபடி புறப்பட்டால், சுமார் 14 கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம்.

இம்மலைக்குப் பெயர் தந்தவை உச்சிவேளையில் வந்து, அர்ச்சகர் கையால் அன்னம் உண்டு சென்ற இரண்டு பட்சிகள். பாறு என்னும் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றைத் தரிசிக்க ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறியவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர்! ஒல்லாந்தரும் வந்தார்கள். மலைச்சரிவிலுள்ள ஒருகல் மண்டபம் பல்லவர் குடைந்தது. அதன் கல்லில் 17ஆம் நூற்றாண்டிலே தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போனார்கள்.

அவர்களுடைய கோட்டை சதுரங்கப்பட்டினத்தில் இடிந்து நிற்கிறது; உள்ளே அவர்களுடைய கல்லறைகள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1947இல் அவர்களும் போனார்கள். பக்கத்துக் கல்பாக்கத்தில் 1984 முதல் நம்மவர் அணுசக்தியால் மின்சாரம் எடுக்கிறார்கள்.

அந்நியர் போனதற்கு நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் கழுகுகளும் போய்விட்டன. சென்ற நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் வருகை நின்றது. நாடெங்கும் பாறுகள் அருகியதற்கு, மாடுகளின் வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற மருந்து முக்கிய காரணம் என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். மருந்தேறிய மாட்டின் உடலைத் தின்ற பட்சிகள் மடிந்தன. 2006இல் சர்க்கார் அம்மருந்தை மாடுகளுக்குத் தடை செய்தது. கல்லைக் கீறியவர்கள் அந்நியர். மருந்து கொடுத்தவர்கள் நாமே.

ஆகையால், குழந்தைகளுடன் மாமல்லபுரம் போகிறவர்கள் ஒரு தடவையேனும் இவ்வழியே போக வேண்டும். உச்சிவேளையில் மலைமேல் நின்று வெறும் ஆகாயத்தை அவர்கள் பார்க்கட்டும். எஞ்சியிருக்கும் ஏரியையும் குன்றையும் காக்க வேண்டியவர்கள் அவர்களல்லவா?